ஆமீன் சொன்னது யார்

இலாடே, மே 28

அன்புள்ள இபிதுன்,

முதலில் பிள்ளைகளின் சேதி. தெமிதிரே செவிலியர் பரீட்சையில் ஒரே தடவையில் தேறிவிட்டாள். கூட எழுதியவர்களில் பாதிப்பேர் மறுபடி பணம் கட்டுகிறார்கள். வெள்ளைச் சீருடையோடு சந்தைக்கு வந்து என் முன்னால் முழந்தாளிட்டாள். பக்கத்துக் கடை அரிசிக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனந்தமோ பொறாமையோ, கண்ணீர் கண்ணீர்தானே. கோரேடே நில அளவைப் படிப்பில் வகுப்பில் முதல். ஃபிக்காயோ தையல் பழகி முடித்து, அவன் முதலாளியம்மா தலையில் கைவைத்து, தனியாகக் கடை போடலாம் என்று விடுதலை கொடுத்துவிட்டாள். விருந்துக்கு நூறு பேர் வந்தார்கள். அத்தனை பேருக்கும் இடித்த கிழங்கும் குழம்பும் போட்டு அனுப்பினேன். கடைக்குட்டி மோயின் பள்ளியில் ஆமைக் கதை சொல்லிப் பரிசு வாங்கினாள். பரிசு ஒரு பிளாஸ்டிக் வாளி. அதில் தண்ணீர் பிடிக்க ஒருத்தரையும் விடமாட்டேன் என்று கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறாள்.

நம் இரண்டு பேர் வயிற்றிலும் பிறந்ததுகளின் பிள்ளைகள் இவர்கள். நம் கணவர் கண்ணை மூடினபோது, மூத்தாளும் இளையாளும் எட்டு நாளில் பானை சட்டியைப் பிரித்துக்கொள்வார்கள் என்று ஊர் காத்திருந்தது. ஒரே அடுப்பில் பொங்கி அவர்கள் வாயை அடைத்தோம். இந்தச் சேதியை எல்லாம் உன் காதில் போடாமல் நான் யார் காதில் போடுவேன்?

போனில் சொல்லத்தான் ஆசை. நீ எடுக்கவில்லை. ரேமியைக் கூப்பிட்டால், "அம்மா குளிக்கிறாங்க பெரியம்மா" என்கிறாள். இலோரினில் நீ நாள் முழுக்கக் குளிக்கிற அளவுக்குத் தண்ணீர் வருகிறதா? அதனால் இதை எழுதி, இலோரின் பேருந்து ஓட்டுகிற அலாபாவிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

நீ அந்த வீடியோவைப் பார்த்துவிட்டாய் என்று தெரியும். நடந்தது இவ்வளவுதான். ஃபலூயி ஆளுநர் தேர்தலுக்கு நிற்கிறார். ஓட்டுக் கேட்டுச் சந்தைக்கு வந்தார். என்னைக் கண்டதும் வெள்ளை அங்கியோடு சேற்றில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். எதிரியானாலும் காலில் விழுந்தவன் தலையில் கைவைத்து வாழ்த்தாத தாய் நம் இனத்தில் உண்டா? 'போகிற இடத்துக்குப் போய்ச் சேருவாய், வெட்கப்பட்டுத் திரும்பமாட்டாய்' என்றேன். தெருவில் போகிற பையனுக்கும் அதைத்தான் சொல்வேன். சந்தை முழுக்க ஆமீன் சொன்னது. மறுநாள் வானொலியில், 'இலாடே சந்தைத் தாய் ஃபலூயிக்கு ஆதரவு' என்று படித்துவிட்டார்கள். கொடுத்த வாழ்த்தைத் திருப்பி வாங்க முடியுமா, நீயே சொல்.

கோபத்தை விட்டுவிட்டு ஒரு வரி எழுது. வெண்டைக்காய்க் குழம்பு வைத்தால் இன்னும் கை உனக்கும் சேர்த்தே அள்ளிப் போடுகிறது.

உன் மூத்தாள்,
அசாபி


இலோரின், ஜூன் 2

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

இபிதுன் முழந்தாளிட்டு வணங்கி எழுதுவது. பிள்ளைகளின் சேதி கேட்டுச் சந்தோஷம். தெமிதிரேவுக்கு ஒரு செருப்பு வாங்கி வைத்திருக்கிறேன். நாள் முழுக்க நிற்கிற வேலை, காலுக்கு மெத்தென்று இருக்க வேண்டும். இங்கே ரேமி தன் பள்ளியில் துணைத் தலைமை ஆசிரியை ஆகிவிட்டாள். நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன்.

வீடியோவைப் பார்த்தேன் அக்கா. தலையில் கைவைத்து வாழ்த்தியதோடு அது முடியவில்லை. அவர் எழுந்த பிறகு அவரோடு மேடையேறி அவர் கையைப் பிடித்துத் தூக்கினீர்கள். தூக்கிப் பிடித்துக்கொண்டே இடப்பக்கம் திரும்பினீர்கள், வலப்பக்கம் திரும்பினீர்கள். சேற்றில் விழுந்தவனுக்கு வாழ்த்துக் கொடுப்பது வழக்கம். மேடையில் நிற்கிறவன் கையைத் தூக்குவது வழக்கமில்லை. அது ஓட்டு.

அந்தக் கையைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன். ஃபலூயி ஊராட்சித் தலைவராக இருந்தபோது, சாக்கடையை அகலப்படுத்துகிறேன் என்று மிளகாய் வரிசையில் எந்திரத்தை ஏற்றினார். கூடைகளை எடுத்துக்கொள்ளக்கூட விடவில்லை. சக்கரம் ஏறி மிளகாய் நசுங்கி, ஊரே இருமியது. காவலுக்கு வந்த போலீஸ்காரனும் இருமினான். சாக்கடை இன்றுவரை அகலமாகவில்லை. அந்த வரிசைக்குத் தாயாக இருந்த நான் இங்கே வந்து என் மகள் வீட்டு வாசலில் கடை போட்டிருக்கிறேன். மற்ற பெண்கள் லாரி போகிற சாலையோரத்தில் உட்கார்ந்து புழுதியோடு மிளகாய் விற்கிறார்கள்.

அன்று சந்தை மண்டபத்தில் எங்களுக்கு ஆறுதல் சொன்னது யார்? நீங்கள் எழுந்து நின்று, இடுப்புத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு சொன்னது என் காதிலேயே இருக்கிறது: "இந்த ஆளு ஒருநாள் ஓட்டுக் கேட்டு வருவான்டி. வரும்போது ஒருத்தியும் தலையைத் தூக்கக் கூடாது. அவளவ வெங்காயத்தை எண்ணிக்கிட்டு இருங்க."

அத்தனை பேரும் சிரித்தோம், அழுதுகொண்டே.

வெங்காயத்தை எண்ணச் சொன்னவரே எழுந்துபோய்க் கையைத் தூக்கினால், கீழே உட்கார்ந்திருக்கிறவள் எதை எண்ணுவாள்?

இன்னொன்று. சந்தைக்குப் புது நுழைவாயில் கட்டப்போகிறார்களாம். அதில் உங்கள் பெயர் வரப்போகிறதாம். அலாபா சொன்னான். உங்கள் கடிதத்தில் மோயினின் வாளிக்குக்கூட இடம் இருந்தது. இதற்கு மட்டும் இல்லை.

குறை இருந்தால் மன்னிக்கவும்.

இபிதுன்


இலாடே, ஜூன் 7

இபிதுன்,

ரேமியின் சேதியை நான் கேட்காமல் விட்டது தப்புதான். அந்தப் பெண்ணுக்கு முதல் எழுத்தை மணலில் எழுதிக் காட்டியவளே நான். சொல், பெரியம்மா பெருமைப்படுகிறாள் என்று.

மற்றதற்கு வருகிறேன். நீ இங்கே இல்லை. எட்ட இருந்து பார்க்கிறவளுக்கு எல்லாம் சுலபம். ஃபலூயியின் ஆள் ஒருவன் என் துணிக்கடைக்கு மூன்று தடவை வந்தான். முதல் தடவை தண்ணீர்கூடக் கொடுக்காமல் அனுப்பினேன். இரண்டாம் தடவை நாற்காலியில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தான். "அம்மா, தலைநகர்ல பெரிய மனுஷங்க நூறு பேர் எங்க பக்கம் இருக்காங்க. அதெல்லாம் பேப்பர்ல வரும், அவ்வளவுதான். உங்க ஒரு கை தூக்கினா இந்தச் சந்தையில ஒவ்வொரு கடைக்குடையும் எங்களுக்கு ஓட்டு" என்றான்.

நான் கேட்டேன்: "அவ்வளவு மதிப்புன்னா, அந்தக் கைக்கு என்ன தருவீங்க?"

"கேளுங்கம்மா."

"மிளகாய் வரிசையைத் திருப்பிக் குடுங்க. கூரையோட."

"ஜெயிச்ச மறுநாள் கல்லு இறங்கும்."

உனக்காகத்தான் கேட்டேன். அந்த வாக்கை அவன் வாயிலிருந்து வாங்கினேன். நீ திரும்பி வருவாய், நம் வீட்டில் பழையபடி உன் அறையில் படுப்பாய் என்று நினைத்தேன். அதற்காக என் கை கொஞ்சம் அழுக்கானால் ஆகட்டும் என்று இருந்தேன்.

நுழைவாயிலை நான் கேட்கவில்லை. மூன்றாம் தடவை வந்தபோது அவனே போனில் படம் காட்டினான். பெரிய வளைவு, இரண்டு பக்கமும் தூண், நடுவில் என் பெயர். ஒவ்வொரு எழுத்தும் என் உயரம். இபிதுன், என் பெயரை அவ்வளவு பெரிதாக எழுதி நான் பார்த்ததே இல்லை. போனைத் திருப்பிக் கொடுக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அவன் அதைப் பார்த்துவிட்டான் என்று நினைக்கிறேன். இதை எழுதாமல் விட்டேன், நீ பிடித்துவிட்டாய். சரி.

பெண்களைக் கலந்து பேசினாயா என்று அடுத்து நீ கேட்பாய். பேசவில்லை. குழம்பில் உப்புப் போடுகிற தாய், வீடு முழுக்கக் கேட்டுவிட்டா போடுகிறாள்? ஆனால் நீயே வந்து பார்த்திருக்க வேண்டும். ஃபலூயி முகம் அச்சடித்த துணியை எல்லாரும் வாங்கிக்கொண்டார்கள். தைத்துக் கட்டிக்கொண்டு ஆடினார்கள். உன் தோழி தக்காளிக்காரி சாதே அம்மா, அவர் முகத்தைப் பின்பக்கம் வருகிறமாதிரி தைத்து ஆட்டிக்கொண்டு ஆடினாள். பிடிக்காமலா இப்படி ஆடுவார்கள்?

இருபது வருஷமாக இந்தச் சந்தை என் சொல்லுக்குப் பின்னால் நடக்கிறது. நான் கடையடைப்பு என்றால் அடைப்பு. நான் வெள்ளைத் தலைத்துணி என்றால் வெள்ளை. வாக்கெடுப்பு அன்றைக்குச் சந்தைக்குப் பின்னால் பள்ளிக்கூடத்துப் பெட்டியைத் திறக்கும்போது தெரியும், அசாபியின் கை என்ன எடை என்று. அதற்குப் பிறகு நீ வந்து உன் கடையில் உட்கார்ந்து என்னைத் திட்டிக்கொள். கேட்டுக்கொள்கிறேன்.

அசாபி


இலாடே, ஜூன் 24

இபிதுன்,

இதை எழுத உட்கார்ந்து இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன்.

ஓட்டை எப்படி எண்ணுவார்கள் என்று உனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்து மாமரத்தடியில் அதிகாரி ஒவ்வொரு சீட்டாக விரித்துத் தலைக்கு மேலே காட்ட, ஊரே சேர்ந்து சத்தமாக எண்ணும். ஃபலூயியின் கட்டை முதலில் எடுத்தார்கள். எனக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். ஒன்று என்றார்கள். இரண்டு என்றார்கள். ஏழு என்ற பிறகு அதிகாரி அடுத்த சீட்டை எடுக்கவில்லை. கட்டு அவ்வளவுதான். எதிர்க் கட்சியின் கட்டை எண்ணத் தொடங்கினார்கள். எண்ணினார்கள், எண்ணினார்கள், சின்னப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டு பாட்டுமாதிரி எண்ணினார்கள். என்னால் எழுந்து போகவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. அந்த ஏழில் ஒன்று என்னுடையது. மீதி ஆறு யாருடையது என்று தெரியவில்லை. தெரிந்தால் அவர்களிடமும் மன்னிப்புக் கேட்பேன்.

முடிவை எழுதிப் பள்ளிச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். நான் கடைக்குப் போக அந்தச் சுவரைத் தாண்டித்தான் போக வேண்டும். இப்போது கசாப்புக்கடை வழியாகச் சுற்றிப் போகிறேன்.

ஆனால் மாநிலம் முழுக்க அவர் ஜெயித்துவிட்டார். அது உனக்கும் தெரிந்திருக்கும். என் கை இல்லாமலே ஜெயித்தார். அவர் ஆள் போன் செய்தான். பழைய குரல் இல்லை. "அம்மா, உங்க பெட்டியப் பாத்தோம்" என்றான். நான் மிளகாய் வரிசையைப் பற்றி வாயெடுத்தேன். "எந்த வரிசைம்மா?" என்றான். பிறகு சிரித்துக்கொண்டே, "உங்களுக்கு ஒரு நல்லது சொல்றேன், அடுத்த தடவை எங்க தலைவரை வாழ்த்தாதீங்க, எதிராளியை வாழ்த்துங்க. நாங்க இன்னும் நல்லா ஜெயிப்போம்" என்றான். தரையில் உட்கார்ந்த அதே ஆள்.

சந்தையில் யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. வழக்கம்போல முழந்தாளிட்டு வணக்கம் சொல்கிறார்கள். 'அம்மா விடிஞ்சுதா, அம்மா சாப்பிட்டாச்சா' எல்லாம் உண்டு. ஆனால் சண்டையை என்னிடம் கொண்டுவருவதில்லை. முந்தாநாள் கிழங்கு விற்கிற இரண்டு பேர் இடத்துக்காக அடித்துக்கொண்டார்கள். நான் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு தயாராக உட்கார்ந்திருந்தேன். எதிரே முடிவெட்டுகிறவனிடம் போய்த் தீர்த்துக்கொண்டார்கள். முடிவெட்டுகிறவனிடம், இபிதுன். கையில் கத்தியோடு அவன் தீர்ப்புச் சொன்னான். எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்.

இனி மற்றது. நீ வந்திருந்தாய். ஓட்டு வரிசையில் உன் நீலத் தலைத்துணியைத் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுகொண்டேன். முதல் நாளே வந்து சாதே அம்மா வீட்டில் படுத்திருக்கிறாய். நம் வீடு இரண்டு தெரு தள்ளி. உன் அறையில் விரிப்பை மாற்றி வைத்திருந்தேன். வரிசையில் நின்றபடியே என் பக்கம் பார்த்து நீ முழங்காலை மடக்கினாய். நான் வெயிலைப் பார்ப்பதுபோலக் கண்ணுக்குக் கை வைத்துத் திரும்பிக்கொண்டேன். அப்போது என் மனதில் இருந்தது ஆணவம்தான்: இன்னும் கொஞ்ச நேரத்தில் பெட்டி திறக்கும், அப்புறம் தானாக வருவாள் என்று.

நம் கணவர் இருந்த காலத்தில்கூட உன் வணக்கத்தை நான் ஒருநாளும் தரையில் விழ விட்டதில்லை.

இதற்கு நீ பதில் எழுதாவிட்டாலும் எனக்குப் புரியும்.

அசாபி


இலோரின், ஜூன் 30

அக்கா,

கடிதத்தை ரேமி வாசிக்கக் கேட்டேன், பிறகு நானும் ஒரு தடவை வாசித்தேன். முடிவெட்டுகிறவன் தீர்ப்புச் சொன்ன இடத்தில் ரேமி சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன்.

நான் உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். சொல்லாமல் இருந்தால் நானும் உங்களைப்போலக் கசாப்புக்கடை வழியாகச் சுற்றிப் போக வேண்டியிருக்கும்.

சந்தை முழுக்க ஆமீன் சொன்னது என்று முதல் கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். நீங்கள் மேடையை ஒட்டி நின்றீர்கள். ஒலிபெருக்கி உங்கள் காதுக்குப் பக்கத்தில் இருந்தது. நான் இங்கே அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன், கோபத்தில்தான். நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ, ஏதோ குறைகிறதே என்று தோன்றியது. நீங்கள் 'போய்ச் சேருவாய்' என்கிறீர்கள். ஆமீன் என்று இடி மாதிரி கேட்கிறது. எல்லாம் ஆண் குரல். ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டிருந்த கட்சிக்காரர்கள் நாலைந்து பேர். நம் பெண்கள் இருக்கிற பக்கம் கேமரா திரும்புகிறது. எல்லார் முகத்திலும் சிரிப்பு. வாய் அசையவில்லை. ஒருத்திக்கும் அசையவில்லை. நம் பெண்கள் நீங்கள் தும்மினாலே ஆமீன் சொல்கிறவர்கள். கடவுளுக்குப் பயந்தவர்கள் வேறு. துணியைக் கட்டிக்கொள்வார்கள், ஆடுவார்கள், பொய்யாக ஆமீன் மட்டும் சொல்லமாட்டார்கள்.

அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, அந்தப் பெட்டியில் என்ன இருக்கும் என்று. தேர்தலுக்கு முன்பே. ஒரு வரி எழுதியிருந்தால் போதும்: அக்கா, பெண்கள் ஆமீன் சொல்லவில்லை, போய் அவர்களிடம் கேளுங்கள். அலாபா வாரம் இரண்டு தடவை வருகிறான். நான் எழுதவில்லை. நீங்கள் ஊர் நடுவில் நாற்காலியில் உட்கார்ந்து அந்த எண்ணிக்கையைக் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதைப் பார்க்கத்தான் பேருந்து ஏறி வந்தேன். ஓட்டுப் போட வந்ததாக எல்லாரிடமும் சொன்னேன். ஓட்டும் போட்டேன்.

பார்த்தேன். ஏழு என்று அவர்கள் நிறுத்தியபோது உங்கள் தலைத்துணி நழுவியது. நீங்கள் அதைச் சரிசெய்யவில்லை. எனக்கு ஓடி வந்து கட்டிவிட வேண்டும் என்று இருந்தது. சாதே அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்ப போகாதடி. இப்ப போனா அவங்களுக்கு இன்னும் அவமானம்" என்றாள். போயிருக்க வேண்டும்.

உங்கள் கைக்கு எடை இருந்தது அக்கா. எங்கள் தொண்டையில் இருந்து வந்த எடை அது. நீங்கள் எங்களைக் கேட்காமல் அதைத் தூக்கியதால் வெறும் கையாகப் போயிற்று. இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. வாயை மூடிக்கொண்டு வேடிக்கை பார்த்தவள் நான்.

சாலையோரத்துப் பெண்கள் என்னைக் கூப்பிடுகிறார்கள். ஊராட்சி அலுவலகத்துக்குப் போய் இடத்தைக் கேட்க முன்னால் நிற்க ஆள் வேண்டுமாம். அங்கே என் மூத்தாள் இருக்கிறார், அவரைத் தாண்டி நான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்று தெரியாது.

தெமிதிரேவின் செருப்பை அலாபாவிடம் கொடுத்தனுப்புகிறேன். சின்னதாக இருந்தால் திருப்பி அனுப்புங்கள், மாற்றித் தருவார்கள்.

இபிதுன்


இலாடே, ஜூலை 12

என் இபிதுனுக்கு, உன் மூத்தாள் அசாபி எழுதுவது.

உன் கடிதம் வந்தவுடன் கோரேடேயிடம் வீடியோவை ஓட்டச் சொன்னேன். நீ சொன்னது சரி. ஒரு வாயும் அசையவில்லை. இத்தனை வருஷம் சந்தைத் தாயாக இருந்துவிட்டு, என் பெண்கள் ஆமீன் சொன்னார்களா என்று திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை எனக்கு. நீ வேடிக்கை பார்க்க வந்ததைப் பற்றி எழுதியிருந்தாய். உன் இடத்தில் நான் இருந்தால் வறுத்த கடலை வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்திருப்பேன். அதை விடு.

மறுநாள் காலையில் சாலையோரத்துக்குப் போனேன். அந்தப் பக்கம் நான் கடைசியாகப் போனது எப்போது என்று நினைத்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை. நம் பெண்கள் அந்தப் புழுதியில் ஐந்து மழைக்காலம் கழித்திருக்கிறார்கள். என் கூரைக்கடையிலிருந்து கூப்பிடு தூரம்தான்.

தலைத்துணியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் முன்னால் முழந்தாளிட்டேன். கூடைகள் கவிழ்ந்தன. எல்லாரும் எழுந்துவிட்டார்கள்.

"அம்மா, எந்திரிங்க. மூத்தவங்க எங்க முன்னால மண்டி போட்டா எங்க ஆயுசு குறையும்" என்று சின்னவள் ஒருத்தி அழத் தொடங்கிவிட்டாள்.

"அப்ப குறையறதுக்குள்ள சீக்கிரம் கேளுங்கடி" என்றேன். "உங்களைக் கேக்காம உங்க பேரால கையைத் தூக்கினேன். இடத்தை வாங்கித் தரத்தான்னு உங்க சின்னம்மாகிட்ட எழுதினேன். பாதி உண்மை. மீதி பாதி, என் பேரைப் பெரிசா எழுதிப் பாக்கற ஆசை. உங்களைப் பாக்க எனக்கு முகம் இல்ல."

ஒரு லாரி போனது. அதன் புழுதி அடங்கும்வரை நின்றார்கள். பிறகு உன் சாதே அம்மாதான் வாயைத் திறந்தாள். அவள் வாய் உனக்குத் தெரியுமே.

"அம்மா, நாங்க உங்களுக்கு ஓட்டுப் போடலைன்னு நினைக்காதீங்க. நீங்க நின்னிருந்தா போட்டிருப்போம். நீங்க நிக்கலையே, உங்களைக் காட்சிக்கு நிக்க வெச்சாங்க."

"அந்த ஏழுல ஒண்ணுகூட உன்னுது இல்லையா?"

"என்னுதா? நான் அவர் மூஞ்சிய எங்க வெச்சுத் தெச்சேன்னு பாத்தீங்கல்ல."

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, முழங்கால் வலித்தது. இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கிவிட்டார்கள்.

மன்னித்துவிட்டோம் என்று ஒருத்தியும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஒன்று சொன்னார்கள்: இனி ஓட்டுக் கேட்டு எவன் வந்தாலும், அவனுக்கு நாற்காலி போடும் முன்னால் நான் வரிசை வரிசையாகப் போய்க் கேட்க வேண்டும். மிளகாய் வரிசையிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஒரு வரிசை வேண்டாம் என்றாலும் என் கை மடியில் இருக்க வேண்டும். ஒத்துக்கொண்டேன். அடுத்த திங்கட்கிழமை ஊராட்சி அலுவலகத்துக்கு எல்லாரும் போகிறோம். ஜெயித்தவர் அவர், நமக்குத் தர மாட்டார். தெரியும். ஆனாலும் போய் உட்காருவோம், கூடையோடு. முன்னால் யார் நிற்பது என்று கேட்டேன். உன் பெயரைச் சொன்னார்கள். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்கள். நான் ஆமீன் சொன்னேன். வாயை நன்றாகத் திறந்து சொன்னேன்.

இன்னும் ஒரு வெட்கம் பாக்கி இருக்கிறது. மண்டபச் சுவரில் ஒவ்வொரு வரிசைத் தாயின் படமும் தொங்குகிறதே, துணிக்காரி, கிழங்குக்காரி, மீன்காரி எல்லாரும். நீ இலோரினுக்குப் போன வாரம், உன் படத்தைக் கழற்றச் சொன்னது யார் என்று நீ ஒருநாளும் கேட்கவில்லை. நான்தான். வரிசையே இல்லை, படம் எதற்கு என்றேன். கழற்றும்போது கண்ணாடி உடைந்து படமும் கிழிந்துவிட்டது. உன்னிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. அந்த ஆணி மட்டும் அப்படியே இருக்கிறது. யாரும் அதில் வேறெதையும் மாட்டவில்லை. நான்தான் தினமும் அதைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தேன்.

நீ திங்கட்கிழமை வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. வந்தால் உன் அறையில் படு, இல்லை சாதே அம்மா வீட்டிலேயே படு, நான் ஒன்றும் சொல்லமாட்டேன். ஆனால் நல்ல நிறத்தில் ஒரு தலைத்துணி கட்டிக்கொண்டு, ரேமியைக் கூட்டிக்கொண்டு புகைப்படக் கடைக்குப் போ. சிரிக்க வேண்டும் என்று இல்லை. உனக்கு எந்த முகம் வருகிறதோ அதோடு நில். அலாபாவிடம் கொடுத்தால் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வான், கெட்டியான அட்டை வைத்துத் தபாலில் போடு, உன் புதுப் படம் ஒன்று.